நம்ம ஜனங்களுக்கு இன்னும் பக்குவம் வரலை

தன் ஊருக்குத் தன்னைத் தானே ஆளும் லாயக்கு இல்லை என்பதை ஏதோ பட்டம் வாங்கியதுபோல் பெருமையாகச் சொல்லித் திரியும் ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். அடக்கமாகப் பேசும், நிதானமாகத் தலையாட்டும், கேட்பவன் வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டுப் போகும்.

எங்கள் தீவில் இந்த இனத்தின் தலைமகன் மருந்துக்கடை வைத்திருந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி, வாயில் எந்நேரமும் ஒரே தீர்ப்பு: "நம்ம ஜனங்களுக்கு இன்னும் பக்குவம் வரலீங்க." தெருவில் ஒருவன் துப்பினால் பக்குவம் போதாது; பேருந்தில் முண்டியடித்து ஏறினால் பக்குவம் போதாது; இருமல் மருந்தைக் குலுக்காமல் குடித்தவனுக்கோ பக்குவம் அறவே கிடையாது, அவனுக்கெல்லாம் சட்டசபை ஒரு கேடா? 'நம்ம' என்று வாய் நிறையச் சொல்வாரே தவிர, அந்தக் கணக்கில் தன்னைச் சேர்த்துக்கொண்டதை யாரும் பார்த்ததில்லை.

எங்களை ஆண்டவர்கள் கடலுக்கு அப்பால் இருந்தார்கள். அவர்களுடைய நாடாளுமன்றத்துக்கு எங்களால் ஓட்டுப் போட முடியாது. அங்கே போட்ட உத்தரவுகள் மட்டும் தவறாமல் கப்பலேறி வந்துவிடும். அப்படி வந்த ஒன்று, எங்கள் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டை மூடியது. அந்த வாரமே மருந்துக்கடைக்காரரின் மருமகளுக்கு வலி எடுத்தது. மறுகரைக்குப் போகும் சரக்குப் படகில், சிமெண்டு மூட்டைகளுக்கு நடுவே, பாதி வழியில் பிள்ளை பிறந்தது. தாயும் சேயும் பிழைத்தது அதிர்ஷ்டம்.

வேறொருவராக இருந்தால் கொதித்திருப்பார். இவர் சொன்னார்: "மேல இருக்கிறவங்க நாலையும் யோசிச்சுத்தான் செஞ்சிருப்பாங்க."

மறு ஆண்டு, தீவு தன்னைத் தானே ஆளலாமா என்று வாக்கெடுப்பு வந்தது. மனிதர் சும்மா இருந்தாரா? மாத்திரை கட்டிக் கொடுக்கும்போதெல்லாம் வேளைக்கு ஒன்றாகப் பயத்தையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்.

"அண்ணே, பக்குவம் வந்தாச்சுன்னு யாரு சொல்லணும்?" என்று கேட்டார் எதிர்க்கடை மின்சாரக்காரர்.

"அவங்கதான் சொல்லணும்."

"அவங்க சொல்லுவாங்களா?"

"இப்படிக் கேக்குறே பாரு, இதைத்தான் பக்குவமில்லைங்கிறது."

வீட்டில் கதை வேறு. சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் மனைவி மெதுவாக ஆரம்பித்தார். "ஏங்க, நான் 'ஆளலாம்'னுதான் ஓட்டுப் போடப்போறேன்."

"உனக்கு என்ன தெரியும்?"

பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த மருமகள் திரும்பினாள். "மாமா, அந்தப் படகுல நான் செத்திருந்தா யாருகிட்டப் போய் நியாயம் கேட்டிருப்பீங்க?"

"நீ சின்னப் பொண்ணும்மா. உனக்கு இன்னும்..."

அவர் முடிக்கவில்லை. மனைவி தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதில் பாதிச் சாப்பாடு இருந்தது.

சொற்ப வித்தியாசத்தில் 'வேண்டாம்' ஜெயித்தது. கடை வாசலில் நின்று வந்தவர் போனவருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார். இருமல் மிட்டாய்தான்.

அடுத்த உத்தரவு வந்தது. தீவில் தனியார் மருந்துக்கடை கூடாது. மருந்தெல்லாம் இனி மறுகரையிலிருந்தே வரும். மனிதர் வியர்க்க விறுவிறுக்க நிர்வாக அதிகாரியிடம் ஓடினார்.

"ஐயா, எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

கடலுக்கு அப்பாலிருந்து வந்திருந்த அந்த அதிகாரி மிகவும் மரியாதையானவர். நாற்காலி போடச் சொன்னார். "கேட்டோமே. இனிமே கேக்க வேண்டாம்னு நீங்கதானே ஓட்டுப் போட்டீங்க?"

வெளியே வந்தவருக்குப் புத்தி வந்திருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? "நம்ம ஜனங்க ஒழுங்கா இருந்தா அவரு ஏன் இப்படிப் பேசுறாரு?" என்றார். மருமகள் மறுபடி வாக்கெடுப்பு கேட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கத் தொடங்கினாள். மாமியார் கூடவே குடை பிடித்துக்கொண்டு போனார். மூடிய கடையின் முன்னால் நின்று அவர்கள் போவதைப் பார்த்துத் தலையாட்டினார் நம்மவர்.

நல்லவேளை, நீங்கள் அந்த இனம் இல்லை. இதைப் படித்துச் சிரித்திருப்பீர்கள். நாலு பேருக்குப் படிக்கக் கொடுக்கலாம் என்றுகூடத் தோன்றியிருக்கும். கூடவே, 'கொடுத்து என்ன ஆகப்போகுது, நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகுது' என்றும் ஒரு நினைப்பு ஓடியதா? ஓடியிருந்தால் வாய்விட்டுச் சொல்லிவிடாதீர்கள். வீட்டில் ஓட்டுப் போடும் வயதில் யாராவது இருப்பார்கள்; காதில் விழுந்து தொலைக்கப் போகிறது.