ஜசியாரா அக்காவின் கடை பட்டியலில் ஏறிய விதம்

சால்வதோர்,
மே 20.

என் மரியாதைக்குரிய அக்கா ஜசியாராவுக்கு,

உன் கையை முத்தமிட்டு ஆசி கேட்கும் தம்பி தெரால்தோ எழுதுவது. நீ ஆசி தருவாயா, கடிதத்தை அடுப்பில் போடுவாயா தெரியவில்லை. அதனால்தான் உன் மகள் லூசினெத் பெயருக்கு அனுப்புகிறேன். அவள் சத்தமாகப் படித்தால் கேட்காமல் இருக்க உனக்கு வழியில்லை, அங்கே இருப்பது ஒரே அறைதானே. உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு உடம்பு நலம். மற்ற எதுவும் நலமில்லை.

லாரி வந்த அன்றே நீ மகள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாய், என் தரப்பைச் சொல்ல எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. உலகக் கோப்பைக்கு நம் ஊரையும் ஒரு களமாக அறிவித்து மைதானத்தைப் புதிதாகக் கட்டியபோது, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டரான என்னையும் கூப்பிட்டுத் ‘தெரு ஒருங்கிணைப்பாளர்’ ஆக்கினார்களே, எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது. ஒன்பது பாக்கெட் வைத்த பச்சை மேலங்கி கொடுத்தார்கள், கழுத்தில் மாட்ட போட்டோ ஒட்டிய அட்டை கொடுத்தார்கள். முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் “உள்ளே போங்க, உள்ளே போங்க” என்று தொண்டை கிழியக் கத்தியும் ஒரு ஆள் நகர்ந்ததில்லை. இந்த மேலங்கியைப் போட்டதும் ஜனங்கள் தானாக வழிவிட்டார்கள். அக்கா, அது ஒரு போதை. திருப்பலிக்கும் அதையே போட்டுக்கொண்டு போனேன், பல் பிடுங்கவும் அதையே போட்டுக்கொண்டு போனேன்.

பிறகு செல்சோ என்ற அதிகாரி என் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து, “மைதானத்தைச் சுத்தி ரெண்டு கிலோமீட்டர் நடங்க தெரால்தோ சார். நடைபாதையில நிக்கிறது எதுவா இருந்தாலும் எழுதிடுங்க, நாய் தூங்கிட்டிருந்தாலும் விடாதீங்க” என்றார். போன்ஃபிம் ஆண்டவர் மேல் ஆணையாகச் சொல்கிறேன், வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு வரைபடம் அச்சடிக்கத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். அதனால் பெருமையோடு முதல் வரியிலேயே உன்னை எழுதினேன். ‘ஜசியாராவின் அக்கராஜே வடைக் கடை, மேட்டுத்தெரு முனை, சிவப்புக் குடை, இருபத்தாறு வருஷமாக.’ நீ சட்டியில் பனையெண்ணெயை ஊற்றிக் காராமணி மாவைப் போடும்போது எழுகிற மணத்தைப் பற்றிக்கூட ஓரத்தில் எழுதினேன். அதன் பிறகுதான் சுல்மீராவின் தட்டு, தேங்காய் மிட்டாய்க்காரி, கரும்புச் சாறு வண்டி, செருப்பு தைப்பவர் என்று அறுபத்திரண்டு வரி.

ஒன்பதாம் நாள் லாரி வந்தது. குடையை மடக்கினார்கள், மேசையைத் தூக்கினார்கள், எண்ணெய் ஆறாத சட்டியைச் சாக்குத்துணியால் பிடித்து ஏற்றினார்கள். நீ என்னைத் திட்டியிருந்தால் தேவலை. “தம்பி, அந்த ஸ்டூலை மட்டும் விட்டுடச் சொல்லு, அது வீட்டு ஸ்டூல்” என்று மட்டும் சொன்னாய். நானும் சொன்னேன், அக்கா. அவர்கள் காதில் வாங்கவே இல்லை. மேலங்கியோடு நடுத்தெருவில் நின்றேன், அன்றைக்கு யாரும் வழிவிடவும் இல்லை.

மறுநாளே அலுவலகத்துக்குப் போனேன். கடையை எடுப்பதற்கு ஒரு கையெழுத்து போதுமாம், திருப்பி வைப்பதற்கு விண்ணப்பமே கிடையாதாம். “வைக்கிறதுக்குத் தனிப் பிரிவு சார், அது இன்னும் ஆரம்பிக்கல” என்று அந்தப் பெண் நகத்தைப் பார்த்தபடி சொன்னாள். தெருவில் தலைகாட்ட முடியவில்லை. ரொட்டிக் கடையில் எனக்குப் பின்னால் வந்த ஏழு பேருக்குக் கொடுத்த பிறகுதான் எனக்குக் கொடுக்கிறார்கள். முடிவெட்டப் போனால் நாவிதர், “இரு, கத்திரிக்கோலை எடுக்கிறேன், எழுதிக்க” என்கிறார்.

இதற்கிடையில் போட்டி ஏற்பாடுகளைப் பார்வையிட வெளிநாட்டுக் குழு வருகிறது என்று செல்சோ பரபரத்தார். “வாசல்ல அக்கராஜே விக்கிற ஒரு பையானா அம்மா நிக்கணும் சார். வெள்ளைப் பாவாடை, தலைக்கட்டு, மணிமாலை, கையில அக்கராஜே தட்டு. நம்ம பண்பாடு அவங்களுக்குத் தெரியணும்.” நானும் பதினேழு வீட்டுக் கதவைத் தட்டினேன். சுல்மீரா கதவைப் பாதிதான் திறந்தாள். “எங்க பண்பாட்டைத்தான் லாரியில ஏத்திட்டீங்களே, குடோன்ல போய்த் தேடு” என்று சொல்லிச் சாத்திவிட்டாள். ஒருத்தியும் வரவில்லை என்று போய் நின்றேன். செல்சோ என்னை மேலும் கீழும் பார்த்தார். “அப்ப நீங்களே போட்டுக்குங்க” என்றார்.

போட்டுக்கொண்டேன், அக்கா. செடிக்குத் தண்ணீர் ஊற்ற முன்பு ஒரு தடவை நீ கொடுத்திருந்த சாவியால் உன் பீரோவைத் திறந்தேன், மன்னித்துவிடு. பாவாடை இடுப்பில் சேரவில்லை, நான்கு ஊக்கு குத்தினேன். மீசையை எடுக்க மனம் வரவில்லை. தட்டில் வைக்க ஓட்டலிலிருந்து வந்த அக்கராஜே கோதுமை மாவில் செய்தது, கடித்தால் செருப்பின் அடித்தோல் மாதிரி இருந்தது. குழுவின் தலைவி, நெடுநெடுவென்று ஒரு அம்மாள், ஒன்றை எடுத்து மரியாதைக்காக மென்றுகொண்டே மொழிபெயர்ப்பாளர் மூலம், “தினமும் இதைச் செய்யறது நீங்கதானா?” என்று கேட்டார். கம்பி வேலிக்கு வெளியே சுல்மீராவும் மற்றவர்களும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். “இல்லைங்க. செய்யறவங்களை நான் பட்டியல் போட்டு அனுப்பிட்டேன்” என்றேன். சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியதில் உன் மணிமாலை அறுந்து, மணிகள் விருந்தாளிகளின் காலுக்கடியில் ஓடின. என்னை அப்புறப்படுத்த ஓடிவந்த செல்சோ அவற்றில் வழுக்கி, என் காலருகே இருந்த மிளகாய்ச் சாற்றுக் கிண்ணத்தின்மேல் உட்கார்ந்தார்.

மறுநாள் செய்தித்தாளில் முதல் பக்கத்தில் நான், பாவாடையும் மீசையுமாக. ‘நகரின் பண்பாடு தயார்’ என்று தலைப்பு. சுல்மீரா அதைப் பெரிதாக்கி அட்டையில் ஒட்டி, வெள்ளை உடுத்திய நாற்பது பெண்களோடு மைதான வாசலில் போய் உட்கார்ந்தாள். என் படத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாம் நின்று காரணம் கேட்டார்கள். மூன்றாம் நாள் அலுவலகம் இறங்கிவந்தது. வாசலுக்கு உள்ளேயே கடை போட எட்டு இடம், அதில் ஒன்று உனக்கு. “ஜசியாரா வர்ற வரைக்கும் ஒருத்தியும் இங்க உக்காரக் கூடாது. இவன் நிழல்கூட விழக் கூடாது” என்று என்னைக் காட்டிச் சொல்லி, உன் இடத்துக்குச் சுல்மீரா காவல் நிற்கிறாள்.

குடோனிலிருந்து உன் சட்டியை மீட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். குடை கிழிந்துவிட்டது, ஸ்டூல் கிடைக்கவில்லை. மேலங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். முதல் ஆட்டத்துக்கு இன்னும் மூன்றே வாரம். அறியாமல் செய்த தம்பியை மன்னித்து வந்துவிடு. லூசினெத்துக்கு என் அன்பு, மருமகனுக்கு வணக்கம், உன் முழங்காலுக்கு ஆண்டவர் துணையிருக்கட்டும்.

உன் ஆசிக்குக் காத்திருக்கும்,
தெரால்தோ

பி.கு.: உறையை ஒட்டப் போனேன், கை வரவில்லை. வரைபடம் என்று நான் நினைக்கவே இல்லை, அக்கா. நோட்டின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் ‘அகற்ற வேண்டியவை’ என்று அச்சிட்டிருந்தது, நான் படித்தேன். ஓரத்தில் எழுதியதும் மணம் அல்ல, புகை. நோட்டோடு கிளம்பிய அன்று காலை உன் கடையில் இருபது பேர் நிற்கும்போது, பச்சை மேலங்கியில் வந்த என்னைப் பார்த்து, “யாரு இந்தக் கிளியைக் கூண்டுலேருந்து விட்டது?” என்று கேட்டாய். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு தெருமுனை திரும்பியதும் நின்று, உன் பெயரை எழுதினேன். லாரி வரும் என்று எனக்குத் தெரியும். நீ ஊரைவிட்டே போவாய் என்றுதான் தெரியாது. இதைப் படித்த பிறகும் வருவதாக இருந்தால், பஸ் நிலையத்துக்கு நான் வரட்டுமா, சுல்மீராவை அனுப்பட்டுமா என்று மட்டும் எழுது.