டிக்கெட் உள்ளே, ஆள் வெளியே

என் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், மன்னித்துப் படியுங்கள். ஆனால் டிக்கெட் என்கிற இங்கிலீஷ் சொல்லை மட்டும் நான் மன்னிப்பதாக இல்லை.

ரயிலுக்கு டிக்கெட், நாடகத்துக்கு டிக்கெட். போகட்டும். பெரம்பூரில் நான் வேலை பார்த்த பட்டறையில், நம்பர் அடித்த பித்தளை வில்லைக்கும் அதே பெயர். காலையில் சங்கு ஊதுவதற்குள் அதை வாசல் பெட்டியில் போட்டுவிட்டால் ஆள் வேலைக்கு வந்ததாக அர்த்தம். என் நம்பர் 417.

இருபத்திரண்டு வயதில், திருவொற்றியூருக்குப் பெண் பார்க்கப் போக வேண்டியிருந்தது. லீவு கேட்க மேஸ்திரி முன்னால் நின்றால் எனக்கு நாக்கு எழாது. (இப்போதும் எழாது.) கூட்டாளி ஏகாம்பரம்தான் வழி சொன்னான்.

"நீ போய் பொண்ணப் பாரு மாமு. உன் டிக்கெட்ட நான் போட்டுட்றேன். இன்னா இப்போ?"

போட்டான். அன்றைக்கென்று பார்த்துப் பட்டறையில் மர அடுக்கு சரிந்தது. மேஸ்திரி தலைகளை எண்ணினார், பிறகு டிக்கெட்டுகளை எண்ணினார். ஒரு டிக்கெட் அதிகம். 417 மரத்துக்கு அடியில் என்று முடிவு கட்டிவிட்டார்கள். உண்மை தெரிந்த ஒரே ஆள் ஏகாம்பரம். வேலை போய்விடும் என்று அவன் வாயைத் திறக்கவில்லை. எல்லோரையும்விட வேகமாக மரத்தைப் புரட்டினானாம்.

பாதி மரம் நகர்வதற்குள் என் வீட்டாருக்குச் சேதி சொல்ல அவனையே அனுப்பினார்கள். துணைக்கு, பட்டறையின் வேறு ஷெட்டில் வேலை செய்கிற, என் முகம் தெரியாத இரண்டு பேர். ராயபுரத்தில் என் வீடு பூட்டியிருக்க, பக்கத்து வீட்டார் கைகாட்ட, மூவரும் நேராகப் பெண் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

"பெரியவரே, மாப்ளப் பையன் மரத்துக்கு அடியில போய்ட்டாரு" என்றார் ஒரு ஷெட்காரர், பெண்ணின் அப்பாவிடம்.

என்னோடு வந்திருந்த என் அம்மா என் தோளைத் தொட்டுப் பார்த்தாள். ஏகாம்பரம் என்னைப் பார்த்துக்கொண்டே தேம்பித் தேம்பி அழுதான். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். நானோ வாய் நிறையச் சொஜ்ஜியை வைத்துக்கொண்டு, முழுங்கவும் தெரியாமல் பேசவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து பெண்ணின் குரல் வந்தது. "நைனா, செத்தவரு ரெண்டாவது தபா சொஜ்ஜி வாங்கித் துன்னுகினு கீறாரு."

மறுநாள் மேஸ்திரி கேட்ட கேள்வி இன்னும் மறக்கவில்லை. "டிக்கெட் உள்ள கீது. நீ எப்டிடா வெளிய இருந்தே?" பித்தளை பொய் சொல்லாது, நான்தான் பொய் என்பது அவர் கட்சி. என்னையும் ஏகாம்பரத்தையும் ஒரு மாதம் நிறுத்திவைத்தார். பித்தளைக்கு ஒரு தண்டனையும் இல்லை.

வேலை இப்படி ஆட்டம் கண்டதும் பெண்ணின் அப்பா பின்வாங்கப் பார்த்தார். அந்தப் பெண்தான் விடவில்லை.

போன வாரம் எங்கள் தெரு குமாஸ்தா ஒரு தடித்த அகராதியைப் புரட்டி அந்தச் சொல்லைப் படித்துக் காட்டினார். பிரெஞ்சுக்காரனிடமிருந்து வந்ததாம். ஆதியில், ஒட்டிவைக்கிற சீட்டு என்று பொருளாம். துணிக்கடையில் விலை எழுதித் தொங்கவிடுவதும் டிக்கெட்டாம். விரல் வைத்துக் கடைசி வரி வரைக்கும் போனார். ஒரு இடத்தில்கூட மனிதன் என்று போடவில்லை. அன்றைக்கு மேஸ்திரியிடம் நான் சொல்ல நினைத்ததும் அதுதான்.

இப்போதும் நாலு பேர் கூடிப் பேசும் இடத்தில் நான் மூலையில் வாய்மூடி உட்கார்ந்திருந்தால், என் மனைவி பிள்ளைகளிடம் சொல்வாள்: "டிக்கெட் மட்டும்தான் கீது. ஆளு எங்க போச்சோ."

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் அடுப்படியிலிருந்து அதையேதான் கேட்டாள். நான் தேதி போடுகிறேன்.

தாது வருஷம், ஆடி மாதம், பதினெட்டாம் நாள்.