ஆசியச் சான்றும் அம்சத்தின் நூடுல்ஸும்

அரசு ஆணை ஒன்று வந்தது. ஆணை என்றால் வரத்தான் செய்யும். அதில் அதிசயம் இல்லை.

'நெல் விளையும் மாவட்டங்களில் வாழும் பொதுமக்கள் நெடுங்காலமாகச் சோற்றையே உண்டு வருவது அரசின் கனிவான கவனத்துக்கு வந்துள்ளது' என்று ஆரம்பித்தது. 'ஆகவே மேற்படி பொதுமக்களின் நாவினை மேம்படுத்தும் பொருட்டு, தாலுக்காவுக்கு ஒரு மகளிர் பயனாளி வீதம் தெரிவு செய்து, ஆசியப் பாணி விரைவுக் கோழி நூடுல்ஸ் என்னும் பண்டத்தைப் பதினைந்து நிமிடத்துக்குள் பொதுமேடையில் சமைத்துக் காட்டச் செய்ய வேண்டியது.'

எந்த ஆட்சியில் என்று கேட்காதீர்கள். அவர்கள் இருந்தார்கள், இவர்கள் வந்தார்கள், மறுபடி அவர்கள் வந்தார்கள். தாலுக்கா ஆபீஸ் சுவரில் படம் மாறியது. ஆணி மாறவில்லை.

எங்கள் தாலுக்கா திருவாரூருக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவில் கிடக்கிறது. பயனாளியாக நடுக்கரைக்குடி அம்சம் தெரிவானாள். அவள் சமையலை யாரும் ருசி பார்க்கவில்லை. அன்றைக்கு மனுக்கட்டில் மேலே கிடந்தது அவள் புருஷன் வைரக்கண்ணுவின் மனு. அவ்வளவுதான்.

மனு பட்டாவுக்கு. பண்ணையாரிடமிருந்து நில உச்சவரம்புச் சட்டப்படி அரசு எடுத்த நிலத்தில் மூன்று மா, அதாவது சுமார் ஒரு ஏக்கர், சர்வே எண் 114/3, வைரக்கண்ணுவின் அப்பனுக்கு ஒதுக்கப்பட்டது. ஒதுக்கி இருபத்திரண்டு வருஷம். அப்பன் போய்ச் சேர்ந்துவிட்டான். நடுவது, அறுப்பது எல்லாம் இவர்கள்தான். பட்டா மட்டும் இல்லை. இல்லாத காரணத்தால் வருஷத்துக்கு ஒரு தடவை பண்ணையார் ஆள் ரெத்தினம், தாலுக்கா சிப்பந்தி ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்து வரப்பில் நின்று, "காலி பண்ணு" என்பான். அம்சம் கதிர் அரிவாளைக் கீழே வைக்காமலேயே பதில் சொல்வாள். அவன் போய்விடுவான். அடுத்த வருஷம் வருவான்.

தாசில்தார் ரெங்கசாமி இருவரையும் கூப்பிட்டார்.

"இந்தா பாரும்மா, மாண்புமிகு அமைச்சர் வர்றார். பதினஞ்சு நிமிஷத்துல கிண்டி முடிச்சா, அதே மேடையில உன் வீட்டுக்காரர் கையில பட்டா."

"முடிக்கலன்னா?"

"கோப்பு பரிசீலனையில இருக்கும்."

"இப்ப எங்க இருக்கு?"

"பரிசீலனையிலதான்."

"அப்ப கிண்டிடறேன் சார். திருவாரூர்த் தேருக்குப் போனப்ப தள்ளுவண்டிக்காரன் கிண்டுறத நின்னு பாத்திருக்கேன். ஒரு சட்டிக்கு நாலு நிமிஷம். மீதிப் பதினொரு நிமிஷத்துக்கு நீங்க ஏதாவது வேலை சொல்லுங்க."

வேலை இருந்தது. ஆணையின் நாலாவது பத்தி. 'பயன்படுத்தப்படும் பொருட்கள் யாவும் ஆசியாவைச் சேர்ந்தவையே என்பதற்குத் தக்க சான்று இணைக்கப்பட வேண்டும்.' இணைப்பில் பட்டியல்: நூடுல்ஸ், எலும்பில்லாத கோழி, சோயா சாஸ், எள் எண்ணெய், இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள், குடைமிளகாய்.

"இஞ்சி, பூண்டு வீட்டுலயே இருக்கு" என்றாள் அம்சம். "எண்ணெய் எங்க எள்ளுலேருந்து ஆட்டுனது. சம்பா அறுத்துட்டு அந்த மூணு மாவுலதான் எள்ளு தெளிச்சோம்."

"வீட்டுல இருந்தா போதாதும்மா. ஆசியாவுல இருக்கணும்."

"எங்க வீடு எங்க சார் இருக்கு?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்."

தாசில்தாரைக் குறை சொல்லக்கூடாது. ஒரு தடவை வெள்ள நிவாரணத்துக்கு வேட்டி கொடுத்தார். வெள்ளம் வந்ததற்கு ரசீது எங்கே என்று தணிக்கையில் கேட்டுவிட்டார்கள். அதிலிருந்து மனுஷர் எதையும் கண்ணால் பார்த்து நம்புவதில்லை.

கிராம நிர்வாக அலுவலர் நாகநாதனிடம் போனார்கள். அவர் நிலக் கணக்கு எழுதும் அடங்கல் புத்தகத்தைப் புரட்டினார். நஞ்சை இருந்தது. புஞ்சை இருந்தது. புறம்போக்கு நிறையவே இருந்தது.

"ஆசியான்னு ஒரு கட்டம் இல்லையே" என்றார்.

வைரக்கண்ணு துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "சார், நான் எட்டாவது வரைக்கும் படிச்சவன். நாம ஆசியாவுலதான் சார் இருக்கோம். வாத்தியார் சொல்லியிருக்கார்" என்றான்.

"படிச்சது சரி. பதிவாகியிருக்கா?"

வைரக்கண்ணு துண்டை இன்னும் இறுக்கி இடுக்கிக்கொண்டான். நீங்களாயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

விஷயம் திரும்பத் தாசில்தாரிடம் போனது. எல்லை தெரியாத இடத்துக்குச் சான்று தர முடியாது, முதலில் ஆசியாவுக்குச் செக்குபந்தி எழுதி வா என்று நாகநாதனை விரட்டினார். நாலு பக்கமும் யார் நிலம், எது எல்லை என்று பத்திரத்தில் எழுதுவோமே, அது. நாகநாதன் அளவுச் சங்கிலியும் ஆளுமாகக் கிளம்பினார். தெற்கே போகப் போக வயல் தீர்ந்தது, முத்துப்பேட்டை தீர்ந்தது, அலையாத்திக் காடு வந்தது. இடுப்பளவு சேற்றில் ஒரு செருப்பு போன பிறகு திரும்பினார். அறிக்கை கொடுத்தார்.

'தெற்கே கடல். மற்ற மூன்று திசையிலும் அடுத்த தாலுக்கா. அதற்குமேல் ஆசியா எவ்வளவு தூரம் போகிறது என்பது இவ்வலுவலர் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று.'

"கடலை யார் அனுபவிக்கிறது?" என்று கேட்டார் தாசில்தார்.

"மீன்பிடிக்கிறவங்க சார்."

"பக்கத்து அனுபவதாரர்கிட்ட ஆட்சேபணை இல்லைன்னு எழுதி வாங்குங்க. நாளைக்கு வழக்கு வரக்கூடாது."

படகுக்காரர் செல்லத்துரை எழுதிக் கொடுத்தார். 'ஆசியா அங்கே இருப்பதில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ ஆட்சேபணை இல்லை. வலையில் வந்து சிக்காமல் இருந்தால் சரி.'

சான்று பிறந்தது. 'நடுக்கரைக்குடி கிராமம், சர்வே எண் 114/3, மேற்படி எள் விளைந்த நிலம், ஆசியாவில் அமைந்துள்ளது எனச் சான்றளிக்கப்படுகிறது.' உருண்டை முத்திரை. பச்சை மசிக் கையெழுத்து.

எண்ணெய்க்குத்தான் இது. இன்னும் கோழி இருக்கிறது.

எலும்பில்லாத கோழி வேண்டும் என்று ஆணை. நாகநாதன் கிராமம் முழுக்க விசாரித்துவிட்டு, 'எலும்பில்லாத கோழி எதுவும் இக்கிராமத்தில் நடமாட்டத்தில் இல்லை' என்று அறிக்கை வைத்தார்.

அம்சம் தலையில் அடித்துக்கொண்டாள். "சார், கடையில கறிக்கோழி வாங்கி எலும்ப நான் எடுத்துக்கறேன் சார்."

"எடுத்ததுக்கு ஆதாரம்?"

"எலும்புதான் ஆதாரம்!"

மாதிரிக்கு ஒரு கோழியில் எலும்பை எடுத்துக் காட்டச் சொல்லி, மகஜர் எழுதி, இரண்டு சாட்சி கையெழுத்து வாங்கி, எலும்பைக் காகிதத்தில் பொதிந்து கோப்பில் கட்டினார்கள். ஒரு வாரம் கழித்து ஆபீஸ் பூனை அந்தக் கோப்பை மிகுந்த அக்கறையோடு பரிசீலித்தது. அந்த ஆபீஸில் இத்தனை வேகமாக முடிந்த கோப்பு அது ஒன்றுதான்.

சோயா சாஸுக்கு முத்துப்பேட்டை பக்கீர் முகம்மது கடை. மலேசியாச் சாமான் அவரிடம்தான் கிடைக்கும்.

"சாஸ் இருக்கும்மா. மச்சான் கோலாலம்பூர்லேருந்து பெட்டியில கொண்டாந்தது. நூடுல்ஸும் வச்சிருக்கேன். ஆனா ஒண்ணு, உப்பப் பாத்துப் போடு. சாஸ்லயே உப்பு இருக்கு."

"உப்பு கிடக்கட்டும் பாய். இது ஆசியாவுலதான் செஞ்சதுன்னு எழுதிக் குடுங்க."

பக்கீர் முகம்மது அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"எனக்கில்லை பாய். தாசில்தாருக்கு."

"அப்ப சரி" என்று எழுதிக் கொடுத்தார். தாசில்தார் அதை ஏற்கவில்லை. சீசாவில் நாட்டின் பெயர் இருக்கிறது, கண்டத்தின் பெயர் இல்லை. கடைக்காரருக்கும் ஆசியாவில் கடை வைத்திருப்பதற்கு அத்தாட்சி இல்லை. கடைக்கும் ஒரு சான்று போட வேண்டியதாயிற்று. பக்கீர் முகம்மது அதைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டினார்.

வினை அங்கே பிடித்தது.

வந்தவன் போனவன் எல்லாம் பார்த்தான். எதிர்க்கடைக்காரனுக்குத் தூக்கம் போயிற்று. அவனும் ஒன்று வாங்கினான். பிறகு பரோட்டாக் கடை. பிறகு கல்யாண மண்டபம். சம்பந்தம் பேசப் போன இடத்தில், "உங்க நிலத்துக்கு ஆசியா இருக்கா?" என்று கேட்டார்கள். இல்லை என்றவனுக்குப் பெண் கிடைக்கவில்லை. டிராக்டரில், மாட்டுவண்டியில், சைக்கிளில் ஜனம் வந்து இறங்கியது. குறுவைக்கு விதைநெல் வாங்க நிற்காத கூட்டம் ஆசியாவுக்கு நின்றது. எதற்கு என்று ஒருத்தனைக் கேட்டேன். "எல்லாரும் வாங்குறாங்க" என்றான். சரியான காரணம். நானும் நின்றேன்.

பண்ணையாரும் தன் அறுபது ஏக்கருக்கும் வாங்கிவிட்டார். கூலிக்காரன் எள்ளுக்கு இருப்பது அவர் நெல்லுக்கு இல்லையென்றால் கௌரவம் என்ன ஆவது?

விழா நாள் வந்தது. தாலுக்கா ஆபீஸ் வளாகத்திலேயே பந்தல். அடுப்பு வைக்கும் இடமும் ஆசியாவாக இருக்க வேண்டும் என்று, முந்தின நாள் தாசில்தார் தன் ஆபீஸுக்கும் தானே ஒரு சான்று போட்டுக்கொண்டார். கவனமான மனுஷர்.

பத்து மணிக்கு வரவேண்டிய அமைச்சர் ஒரு மணிக்கு வந்தார். குத்துவிளக்கு ஏற்றியதும் தாசில்தார் கடிகாரத்தை அமுக்கினார்.

"சார், இன்னும் அடுப்பே பத்த வைக்கலையே" என்றான் வைரக்கண்ணு.

"நிகழ்ச்சி விளக்கிலேருந்துதான் தொடங்குது. நிரல்ல அப்படித்தான் போட்டிருக்கு."

பிறகு பொன்னாடை. அமைச்சருக்கு ஒன்பது. அமைச்சர் கூட வந்தவர்களுக்கு ஆளுக்கொன்று. அதற்குள் ஒன்பது நிமிஷம் போயிற்று. வைரக்கண்ணுவுக்கு வேர்த்துக் கொட்டியது. இருபத்திரண்டு வருஷம் பொன்னாடை பொன்னாடையாகப் போய்க்கொண்டிருந்தது.

ஆனால் அம்சம் சும்மா நிற்கவில்லை. மூன்றாவது பொன்னாடைக்கே உலையை ஏற்றிவிட்டாள். ஐந்தாவதில் நூடுல்ஸைப் போட்டாள். கடைசிப் பொன்னாடைக்கு அதை வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசி, ஒரு கை நல்லெண்ணெய் விட்டுப் பிசறி வைத்திருந்தாள். "அம்சம் அவர்கள் இப்போது சமைப்பார்" என்று ஒலிபெருக்கி சொன்னபோது இருப்புச்சட்டி புகைந்துகொண்டிருந்தது. பூண்டும் இஞ்சியும் விழுந்து பொரிந்தன. விரல் கனத்துக்கு நறுக்கிய கோழி வெளுத்து, ஓரம் சிவந்தது. குடைமிளகாய் ஒரு புரட்டு. நூடுல்ஸ். சாஸைச் சட்டி விளிம்போடு விட்டாள். சொய்யென்று புகை எழும்பி முன்வரிசை அதிகாரிகள் இருமினார்கள். வெங்காயத்தாளைத் தூவி இறக்கினாள். உப்புப் போடவில்லை.

"பதினாலு நிமிஷம் நாப்பது செகண்டு!" என்றார் தாசில்தார். அவர் முகத்தில் லேசாக வருத்தம் தெரிந்த மாதிரி இருந்தது.

எல்லாரும் சாப்பிட்டார்கள். நானும் இரண்டு தட்டு சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அமைச்சர் கையைத் துடைத்துவிட்டு வைரக்கண்ணுவிடம் பட்டாவைக் கொடுத்தார். படம் எடுத்தார்கள். கார் கிளம்பியதும் சிப்பந்தி வந்து பட்டாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"இது மேடைக்கு. அசல் ஆபீஸ்ல வாங்கிக்க."

மறுநாள் ஆபீஸில் தாசில்தார் கோப்பைப் பார்த்தார். முகம் கடுத்தது.

"இந்த 114/3 ஆசியாவுல இருக்குன்னு சான்று இருக்கேப்பா."

"நீங்க குடுத்ததுதான் சார்."

"யார் குடுத்தா என்ன? இந்த அலுவலக அதிகார வரம்புல எண்பத்திரண்டு கிராமம். அதுல ஆசியா இல்லை. எனக்கு அதிகாரம் இல்லாத இடத்துக்கு நான் எப்படிப் பட்டா தர முடியும்? ஆசியாவுக்கு யார் தகுந்த அலுவலரோ அவர்கிட்ட மனு போடு."

வைரக்கண்ணு படியில் உட்கார்ந்துவிட்டான். அம்சம் உட்காரவில்லை.

"அப்படியே அத எழுதிக் குடுங்க சார்."

"எதை?"

"எங்க மூணு மா உங்க அதிகாரத்துக்குள்ள இல்லைங்கறத."

சான்று கொடுத்துக் கொடுத்து அவர் கை பழகிப் போயிருந்தது. எழுதினார். உருண்டை முத்திரை, பச்சை மசி.

அறுவடைக்கு ரெத்தினம் வந்தான், சிப்பந்தியோடு. வரப்பில் காலை வைத்தான். அம்சம் மடியிலிருந்து காகிதத்தை எடுத்தாள்.

"அண்ணே, படிங்க. இது தாலுக்காவுல இல்லை. தாலுக்கா ஆளுக்கு இங்க என்ன வேலை? கால எடுங்க. நீங்களும்தான் ரெத்தினம்."

சிப்பந்தி இரண்டு தடவை படித்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார். காலை எடுத்தார். தனியாக நின்ற ரெத்தினத்துக்கு அரிவாள் கண்ணில் பட்டது. அவனும் காலை எடுத்தான். அதன் பிறகு இந்நாள் வரை அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. அம்சம் நடுகிறாள், அறுக்கிறாள்.

மற்றவர்கள் பாடு வேறு. பண்ணையாரின் அறுபது ஏக்கருக்குக் கடன் இல்லை, உரம் இல்லை. அதிகார வரம்பில் இல்லையாம். கல்யாண மண்டபத்தில் நடந்த கல்யாணம் செல்லுமா என்று விசாரணை நடக்கிறது. முதல் தேதி தாசில்தாரின் சம்பளப் பட்டியலே கருவூலத்திலிருந்து திரும்பி வந்தது. அவர் உட்கார்ந்திருக்கும் கட்டடம் ஆசியாவில் இருக்கிறது என்றும், ஆசியா தாலுக்காவில் இல்லை என்றும் அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறாரே. ஆசியாவுக்குத் தகுந்த அலுவலரைத் தேடி மனு எழுதிக்கொண்டிருக்கிறார். உருண்டை உருண்டையான கையெழுத்து.

இதிலிருந்து நாங்கள் புத்தி தெளிந்தோம் என்றுதானே நினைக்கிறீர்கள்?

போன திங்கட்கிழமை புது ஆணை வந்தது. இந்த வருஷம் ஐரோப்பியப் பாணியாம். ஏதோ பாஸ்தாவாம், பத்து நிமிஷமாம். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கே நான் தாலுக்கா ஆபீஸ் போய்விட்டேன். எனக்கு முன்னால் எழுபது பேர். பண்ணையார் குடை பிடித்துக்கொண்டு மூன்றாவதாக நின்றார்.

நாற்றுக்கட்டோடு அந்த வழியாகப் போன அம்சம் என்னைப் பார்த்து நின்றாள்.

"என்னங்கய்யா, இந்த வயசுல ஐரோப்பா எதுக்கு?"

"உன் வேலையைப் பார்த்துக்கிட்டுப் போ" என்றேன். "வரிசை நகருது."