கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஃப்ளூகல்ஹார்ன்

ஒரு கலைஞனுக்கு மனித குலம் செய்யக்கூடிய மரியாதைகளிலேயே உன்னதமானது, அவன் கையில் இருப்பதை வாங்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதுதான். இதில் யாருக்காவது ஐயம் இருந்தால் கலை மரபுப் பாதுகாப்பு அலுவலகத்தின் மூன்றாவது மாடிக்குப் போய் இயக்குநரைக் கேட்கலாம். காத்திருக்க நல்ல நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள்.

பீப்பீக்காரருக்கு அந்த மரியாதை எழுபத்தோராம் வயதில் கிடைத்தது. பீப்பீக்காரர் என்பது மாடி வீட்டுக்காரர் வைத்த பெயர். தெரு அதை ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. ஐம்பது வருடமாக ஜாஸ் வாசிக்கிறார். கப்பல், ஓட்டல், கல்யாணம், ஆளே வராத அரங்கம் என்று எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. சொத்து என்று பார்த்தால் ஒரு டிரம்பெட், ஒரு ஃப்ளூகல்ஹார்ன். பின்னது டிரம்பெட்டுக்கு அக்கா மாதிரி. உடம்பு கொஞ்சம் பருமன், குரல் கொஞ்சம் இதம். காலையில் தங்கை, மாலையில் அக்கா. ஒரு நாள் ஊதாவிட்டாலும் உதடு தளர்ந்துவிடும் என்று பயப்படுவார்.

இயக்குநர் பூங்கொத்தோடும் மூன்று புகைப்படக்காரர்களோடும் வீடு தேடி வந்தார்.

"சார், உங்க பேர்ல ஒரு அரங்கமே கட்டிட்டோம். ரெண்டு வாத்தியத்தையும் குடுங்க, காட்சிக்கு வைக்கணும். திறப்பு விழாவுல நீங்கதான் எடுத்து வாசிக்கிறீங்க!"

பீப்பீக்காரர் உருகிப்போனார். தன் பெயருள்ள அரங்கத்தில் ஒரே ஒரு மாலை வாசித்துவிட்டால் பிறவிப் பயன் கிட்டிவிடும் என்று நினைத்தார். அவர் மனைவி அவ்வளவு சுலபத்தில் உருகுகிறவர் அல்ல. பிறப்பு இறப்புப் பதிவகத்தில் முப்பது வருடம் படிவம் நிரப்பியவர்.

"என்னங்க, எப்ப திருப்பித் தருவாங்கன்னு கேட்டீங்களா?"

"மரியாதை பண்ண வந்தவங்ககிட்ட போய் அதையெல்லாம் கேக்கறதா?"

ஆனாலும் மனசு கேட்கவில்லை. வாத்தியங்களைக் கொடுக்குமுன் ஃப்ளூகல்ஹார்னின் வாய்முனையை மட்டும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கட்டைவிரல் நீளமே உள்ள அந்தத் துண்டை வைத்துக்கொண்டு விழா நாள் காலை வரை நான்கு மாதம் தினமும் ஊதினார். குளியலறையில் வண்டு அடைபட்ட மாதிரி சத்தம் வந்தது. மாடி வீட்டுக்காரர் பதறி இறங்கி வந்தார்.

"உடம்புக்கு ஏதும் முடியலையா?"

"விழாவுக்கு உதட்டத் தயார் பண்றேன்."

"பழைய சத்தமே பரவாயில்ல சார்."

ஐம்பது வருடத்தில் மாடியிலிருந்து வந்த முதல் பாராட்டு அது.

விழா நாளன்று அவரையும் மனைவியையும் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். எதிரே கண்ணாடிக்குள் அக்காவும் தங்கையும் மெருகேறி மின்னினார்கள். பீப்பீக்காரர் வாய்முனையைக் கையில் எடுத்துக்கொண்டு பெட்டியை நோக்கி நடந்தார். இயக்குநர் ஓடி வந்தார்.

"சார், என்ன பண்றீங்க?"

"வாசிக்கணும்னு சொன்னீங்களே?"

"அப்ப அது உங்க சாமான். இப்ப அது 'மரபுச் சின்னம்'. ஊதினா உள்ள ஈரம் போகும், பித்தளை அரிச்சிடும்னு நிபுணர் குழு எழுதிக் குடுத்திருக்கு."

"அம்பது வருஷமா அந்த ஈரத்துலதானே சார் அது உயிரோட இருந்துச்சு?"

"அதைத்தான் நாங்க தடுத்து நிறுத்தியிருக்கோம்" என்றார் இயக்குநர் பெருமையோடு. பிறகு அவர் கையில் இருந்ததைப் பார்த்துப் பூரித்துப்போனார். "அட, வாய்முனை உங்ககிட்டயா இருந்துச்சு! பட்டியல்ல ஒரு உருப்படி குறையுதுன்னு மூணு கூட்டம் போட்டோம் சார்!"

வாங்கி, துடைத்து, வெல்வெட் துணியில் வைத்துப் பூட்டினார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

அடுத்து ஒலிபெருக்கியில் 'மேதையின் அமர இசை' பொழிந்தது. பீப்பீக்காரர் காதைத் தீட்டிக் கேட்டார்.

"இது சாக்ஸஃபோன் சார். என் ஆயுசுல நான் அதைத் தொட்டதே இல்ல."

"ஜனங்க கண்ண மூடி ரசிக்கறாங்க. இந்த நேரத்துல கெடுக்காதீங்க."

அவர் உட்கார்ந்துவிட்டார். நான்கு மாதம் பழக்கிய உதடு சும்மா இருக்க மாட்டாமல் துடித்தது. அழுகையை அடக்குகிறார் என்று நினைத்துப் புகைப்படக்காரர்கள் முண்டியடித்தார்கள். அவர்கள் நினைத்தது சரிதான். வாழ்நாளில் யாரும் அவரை இவ்வளவு அவமானப்படுத்தியதில்லை, அதுவும் இவ்வளவு அன்பாக.

உதவியாளர் ஒருவர் படிவத்தோடு வந்தார். "பெட்டி மேல ஒட்டறதுக்கு சார். நீங்க எழுதிக் குடுத்தா அப்படியே ஒட்டிடுவோம்."

பீப்பீக்காரர் அதை மனைவியிடம் நீட்டினார். மனைவி படிவத்தை வாங்கி மடியில் வைத்து, பதிவகத்தின் குண்டு குண்டான எழுத்தில் நிரப்பினார். பிறந்த நாள். முதல் மேடை. கடைசியாக ஊதிய நாள் என்ற கட்டத்தில் தயங்காமல் அன்றைய தேதியைப் போட்டார். அதற்குக் கீழே இன்னொரு கட்டம் இருந்தது.

அலுவலகம் சொன்ன சொல் தவறவில்லை. யாரும் படித்துப் பார்க்காமல் அப்படியே ஒட்டியது. இன்றும் போனால் பார்க்கலாம்.

'வாசிப்பு நின்றதற்கான காரணம்: பாராட்டு விழா.'