ரூட் சார் சாப்பிட்ட ஹம்பிள் பை

வாழ்நாளில் ஒரு தடவைகூடத் தப்பே செய்யாத மனிதர் ஒருவர் சங்கரன்கோவிலில் இருக்கிறார். அவரே பல தடவை சொல்லியிருக்கிறார் என்பதால் இதில் சந்தேகம் வேண்டாம்.

ஊருக்கு அவர் ரூட் சார். கரிவலம்வந்தநல்லூரில் அவருக்கு எலுமிச்சைத் தோட்டம் உண்டு. மாலையானால் அங்கிருந்து மோட்டார் பைக்கில் வந்து, ரத வீதி ஜவுளிக்கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுப்பார். எந்த ஆங்கிலச் சொல்லைச் சொன்னாலும், “அதுக்கு ரூட் என்ன வே?” என்று கேட்டு, அது எந்தத் தேசத்தில் பிறந்து எத்தனை கடல் தாண்டி வந்தது என்று விளக்குவார். பேரைக் கேட்டுவிட்டு, சிவகிரி பஸ் எத்தனை மணிக்கு என்று அவரிடம் விசாரித்தவர்கள் உண்டு. அவர்களுக்கும் ‘பஸ்’ என்ற சொல்லின் பூர்வீகத்தை விளக்கித்தான் அனுப்புவார். அதற்குள் பஸ் போயிருக்கும்.

நான் அப்போது ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. மேலதிகாரி ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டால் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிற ஆள். அந்த வியாதிக்கு மருந்து தேடித்தான் சாரிடம் சேர்ந்தேன். என் பக்கத்து நாற்காலி ராயகிரி முருகையா அண்ணாச்சிக்கு. ஆட்டுக் கிடை போடுகிறவர். பெங்களூர் வியாபாரிகளிடம் இடையில் ஆள் இல்லாமல் தானே போனில் பேசி ஆடு விற்க வேண்டும் என்று வந்தவர். சேர்ந்த நாளிலிருந்து வகுப்பில் வாயைத் திறந்து அவர் செய்த ஒரே காரியம் கொட்டாவி.

அவர் மட்டுமல்ல, யாருமே வாய் திறக்க மாட்டோம். திறந்தால் தப்பு வரும். தப்பு வந்தால் சார் விடமாட்டார். ஒருத்தர் தெரியாத்தனமாக ‘ஹி கோ’ என்று சொல்லப்போய், மறுநாளிலிருந்து தையல் வகுப்புக்கு மாறிவிட்டார்.

ஒருநாள் ‘ஹம்பிள்’ என்ற சொல் வந்தது. சார் கண்ணை மூடிக்கொண்டார்.

“லத்தீன்ல ஹ்யூமஸ்னா மண்ணு. அதுல இருந்துதான் ஹம்பிள். மண்ணோட மண்ணாத் தாழ்ந்து நிக்கவன்னு அர்த்தம். நம்ம கோயில்ல புத்து மண்ணை நெத்தியிலயும் பூசி, நாக்குலயும் வச்சுக்கிடுதோம்லா? இந்த ஊர்ல பொறந்தவன் எல்லாவனும் ஹம்பிள்தான் வே!”

எல்லோரும் கை தட்டினோம். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“இங்கிலீஷ்காரன் ‘ஹம்பிள் பை திங்கது’ம்பான். பைன்னா நம்ம சோமாசி மாதிரி ஒரு பண்டம். தப்பை ஒத்துக்கிட்டு அவமானத்தை முழுங்குததுன்னு அர்த்தம். அதுவும் இதே மண்ணுதான். நாம மண்ணைக் கவ்வுதோம். அவன் அதையே மாவுக்குள்ள பொதிஞ்சு, சுட்டுத் திங்கான். அவ்வளவுதான் வித்தியாசம்!”

இந்தப் பாடம் ராத்திரிக்குள் தெருவின் எதிர்வரிசைக்குப் போய்விட்டது. அங்கே மதுரையிலிருந்து வந்த இளம்பெண் ஒருவர் புதிதாக இங்கிலீஷ் வகுப்பு தொடங்கியிருந்தார். ஊர் அவரை மேடம் என்றது. மேடம் சிரித்துக்கொண்டே, “ஹம்பிளுக்கு மண்ணு சரிதான். ஆனா அந்தப் பை வேற” என்றாராம். அந்தச் சிரிப்போடு சேர்த்துச் செய்தி டீக்கடைக்கு வந்தது.

அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த ரூட் சார் கிளாஸை ‘டங்’கென்று வைத்தார். “அந்தப் பிள்ளை சொல்லுதது சரின்னா, நான் அது கிளாஸ்ல போயி முதல் பெஞ்சுல உக்காருதேன். ஊரறியச் சொல்லுதேன்!”

மறுநாள் மாலையே மேடம் எங்கள் மாடிக்கு வந்துவிட்டார்.

“சார், நான் சண்டைக்கு வரல. உங்க டிக்சனரியிலயே ஒரு தடவை பார்த்துருங்க.”

சார் அலட்சியமாக அந்தத் தலையணைப் புத்தகத்தைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. இன்னொரு பக்கம் போனார். திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஊர் சிரிக்கும், வகுப்பு காலியாகும், அந்த மனிதர் இனி இந்தப் பக்கமே வரமாட்டார் என்று நினைத்தேன்.

சார் மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டார்.

“ஏலே, மான் குடலாம்லே!”

அவர் முகம் லாட்டரி விழுந்தவன் முகம்போல ஜொலித்தது.

“கேளுங்க வே! வேட்டையாடின மான்ல நல்ல கறியெல்லாம் துரைமாருக்கு. குடலு, ஈரலு வேலைக்காரனுக்கு. அதுக்குப் பேரு நம்பிள்ஸ். முன்னால நின்ன ‘ந்’ காலப்போக்குல உதிர்ந்து அம்பிள்ஸ் ஆயிட்டு. அதை வச்சுச் சுட்டா அம்பிள் பை. காதுக்கு ஹம்பிள் மாதிரியே கேக்கவும், தாழ்ந்தவன் தின்ன பண்டந்தானன்னு சனங்க ரெண்டையும் ஒண்ணாச் சேத்துப்புட்டாங்க. மண்ணு வேற, குடலு வேற! நான் சொன்னது சுத்தத் தப்பு!”

‘தப்பு’ என்ற சொல்லை அவ்வளவு ருசித்து யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதோடு விடவில்லை. எல்லோரையும் பரோட்டாக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். மேடத்தையும்தான். குடல் குழம்பை வரவழைத்து, கடையே திரும்பிப் பார்க்க, “இதுதான் வே ஒரிஜினல் ஹம்பிள் பை!” என்று தட்டை வழித்துச் சாப்பிட்டார். சைவக் குடும்பத்தில் பிறந்த பாவத்துக்கு நான் சீனி தொட்டுக்கொண்டு பரோட்டா தின்றேன்.

அடுத்த நாள், தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, தோளில் பை மாட்டி, ரூட் சார் மேடம் வகுப்பின் முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். வேடிக்கை பார்க்கப் பாதி ரத வீதியே வாசலில் நின்றது. மேடம் தயங்கித் தயங்கி, “எல்லாரும் எந்திரிச்சு உங்களப் பத்தி ஒரு வரி சொல்லுங்க” என்றார்.

சார் எழுந்தார். நெஞ்சை நிமிர்த்தி, தெருக்கோடி வரை கேட்கும்படி சொன்னார்: “ஐ வாஸ் ராங்!”

வாசலில் விசில் பறந்தது. அப்போது எனக்குப் பின்னாலிருந்து முருகையா அண்ணாச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.

“சாரே தப்புன்னு சொல்லிட்டாரு. இனி எனக்கென்ன?” என்றவர், தொண்டையைச் செருமினார். “மை நேம் முருகையா. ஐ ஹேவ் மெனி கோட்ஸ். ஐ இஸ் வெரி ஹேப்பி!”

நான் ரூட் சாரைப் பார்த்தேன். ‘ஐ இஸ்’ அவர் காதில் விழாமல் இருந்திருக்காது. உதடு ஒருமுறை துடித்தது. பிறகு எழுந்து நின்று கைதட்டினார். அங்கே கேட்ட கைதட்டலில் அதுதான் பெரிய சத்தம்.

அவர் மாணவராக நீடித்தது அந்த வாரம் மட்டுந்தான். மேடம் ‘குட் ஈவ்னிங்’ சொன்னாலே கை தூக்கி, “மேடம், குட்டுக்கு ரூட் என்ன?” என்று கேட்டால் பாவம், அந்தப் பெண் என்ன செய்யும்? “சார், உங்களக் கும்பிடுறேன். வாத்தியாராவே வந்துருங்க” என்றார். இப்போது ஒரே வகுப்புதான். பேசச் சொல்லித்தருவது மேடம், சொல்லின் வேர் சார் பொறுப்பு. நிற்க இடமில்லை. முருகையா அண்ணாச்சி பெங்களூர்க்காரர்களோடு நேரடியாக, நிறையத் தப்போடு, நல்ல விலை பேசுகிறார்.

போன மாதம் எங்கள் அலுவலகத்துக்கு வந்த பெரிய அதிகாரியிடம் நானே நின்று ஆங்கிலத்தில் பேசினேன். முடிந்ததும் நேரே மாடிக்கு ஓடினேன்.

“எத்தனை தப்பு வே?” என்றார் ரூட் சார்.

“நாலஞ்சு இருக்கும் சார்.”

“பலே! இங்கன உக்காரும். காப்பி சொல்லுதேன்.”

காப்பி வந்து சேரும்வரை அவர் என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. நானும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.