சிவப்புல நின்ன முள்ளு

இந்த ஞாயித்துக்கிழமை சோபாவை விட்டு எந்திரிக்கவே போறதில்லைன்னு ஸ்பேனர் முடிவு எடுத்தாரு. சும்மா முடிவு இல்லைங்க, சிங்கம் எடுக்கிற முடிவு! ஸ்பேனருங்கிறது அவரு பேரு இல்ல. கார்ல எங்கயாச்சும் 'கிறீச்'னா போதும், சாப்பாட்டுத் தட்டோட ஓடுவாரு. அதுக்காக அக்கம்பக்கத்துல வச்ச பேரு.

சிங்கத்துக்குச் சோதனை மாமியார் ரூபத்துல வந்துச்சு. அதே ஞாயித்துக்கிழமை அவங்க வீடு மாத்துறாங்க. புது வீடு மாடியில. லிஃப்ட் கிடையாது. ஆனா பீரோ இருக்கு! போன தடவை அந்த பீரோவைத் தூக்கினப்போ இவரு இடுப்பு 'கடக்'குன்னுச்சு. அப்புறம் ரொம்ப நாளைக்கு எதிர்ல வர்றவங்களுக்கெல்லாம் குனிஞ்சு மரியாதை கொடுத்துக்கிட்டே திரிஞ்சாரு.

நல்லவேளை, கார் காப்பாத்துச்சு. இந்தச் சேதி வந்த அன்னைக்குக் காலையில சாவியைத் திருப்பினதும், இன்ஜின் சூட்டைக் காட்டுற முள்ளு விர்ருன்னு சிவப்புல போய் ஒட்டிக்கிச்சு.

வேற யாரா இருந்தாலும் பதறியிருப்பாங்க. நம்மாளு பானட்டைத் தொட்டுப் பார்த்தாரு. ஜில்லுன்னு இருக்கு! இப்பதான் ஸ்டார்ட் பண்ணின வண்டி எப்படிய்யா கொதிக்கும்? சூடு பார்க்கிற சென்சாரோட ஒயரைப் பிடுங்கினாரு. முள்ளு தொப்புன்னு கீழ விழுந்துச்சு. மாட்டினாரு. மறுபடியும் சிவப்பு. ஆக, இன்ஜின் உத்தமன். சென்சார்தான் புளுகன்! கட்டைவிரல் பெருசு பித்தளைச் சாமான், அது பண்ற அலப்பறையைப் பாருங்க. உடனே கடைக்கு ஓடி புதுசு ஒண்ணு வாங்கிட்டு வந்தாரு. மாட்டப் போற நேரத்துல பீரோ சேதி வந்துச்சா, புது சென்சார் அப்படியே டூல்ஸ் பெட்டிக்கு அடியில பதுங்கிடுச்சு. நேரா மனைவிகிட்ட போனாரு.

"ஏம்மா, வண்டி கொதிக்குது. எடுத்தா இன்ஜின் காலி. அத்தை வீட்டுப் பக்கம் பஸ்ஸும் சரியா கிடையாது. வர முடியாதுன்னு சொல்லிடு, பாவம்."

"ஐயையோ! முள்ளு சிவப்புலயா நிக்குது?"

"காலையில எடுக்கும்போதே சிவப்புதாம்மா!"

"சரி விடுங்க. வண்டியே கொதிக்கும்போது நீங்க என்ன பண்ணுவீங்க?"

இவ்வளவு லேசாவா? ஸ்பேனருக்குக் கண்ணே கலங்கிடுச்சு. எப்பேர்ப்பட்ட பொண்டாட்டி!

ஞாயிறு காலை. காலைத் தூக்கி டீப்பாய் மேல போட்டாச்சு. பக்கத்துலயே மனைவி அவ தம்பிக்கு போன் போட்டா. ஸ்பீக்கர்ல.

"ஏன்டா, மாமா வண்டி கொதிக்குதுடா. என்னவா இருக்கும்?"

"ரேடியேட்டர்தான்க்கா. போச்சு. முழுசா மாத்தணும்."

டீப்பாய்ல இருந்து ஒரு கால் இறங்குச்சு.

"மாமா அப்படி எதுவும் சொல்லலையேடா?"

"அவருக்கு என்னக்கா தெரியும்? வண்டி நல்லா கழுவுவாரு. அதை மறுக்கவே மாட்டேன்."

ரெண்டாவது காலும் இறங்கிடுச்சு.

"டேய் மாப்ள! ரேடியேட்டரா? வாயில நல்லா வருது எனக்கு!"

"நீங்க சும்மா இருங்க. படிச்ச புள்ள சொல்றான்."

"அவன் படிச்சது கணக்குப்பதிவியல்மா!"

"அக்கா, மாமாவைத் தொந்தரவு பண்ணாத. நாளைக்கு நானே வந்து ரேடியேட்டரைக் கழட்டிடறேன்."

"என் வண்டியில கை வச்ச, உன்னைக் கழட்டிடுவேன்!"

"எதுக்கு இப்படிக் கத்துறீங்க?" மனைவி போனை வச்சா. "அவன் சொல்றது தப்புன்னா என்ன கோளாறுன்னு காட்டுங்க. தெரியலைன்னா தெரியலைன்னு விட்டுடுங்க. யாரு கேக்கப் போறா?"

தெரியலையா? ஸ்பேனருக்கா? இப்போ முள்ளு நிஜமாவே சிவப்புக்குப் போயிடுச்சு. கார்ல இல்ல, அவரு மண்டையில.

லுங்கியை மடிச்சுக் கட்டினாரு. பெட்டியைக் கவுத்தாரு. புது சென்சார் உருண்டு வெளிய வந்துச்சு. அது எப்படி அங்க வந்துச்சுன்னு மனைவி கேக்கவே இல்ல. இவரும் அதைக் கவனிக்கல. கவனிக்கிற நிலைமையிலயா இருந்தாரு?

"பாரு, இன்ஜின் ஆறியிருக்கும்போதுதான் இதைத் தொடணும். உன் தம்பிக்கு இது தெரியுமா?" பழசைத் திருகிக் கழட்டினாரு. பச்சைக் கலர் கூலன்ட் தண்ணி பீச்சுச்சு. ஒரு விரலால ஓட்டையை அடைச்சு, அந்த விரலை எடுத்த கையோட புதுசைத் திருகி, ஒயரை மாட்டி, சிந்தின தண்ணிக்கு ஈடா ஊத்தி... அடடா, ஆபரேஷன் பண்ற டாக்டர் கெட்டாரு!

ஸ்டார்ட் பண்ணினாரு. முள்ளு அடியில படுத்துக் கிடந்துச்சு. மெதுவா நகர்ந்து, சமர்த்தா நடுவுல வந்து நின்னுச்சு. எவ்வளவு நேரம் ஓடவிட்டும் அசையல.

"பார்த்தியா! பார்த்தியா! ரேடியேட்டராம்!"

"அசத்திட்டீங்க! இனிமே தைரியமா ஓட்டலாமா?"

"உலகத்தையே ஒரு சுத்து சுத்தலாம்!"

"அவ்வளவு தூரம் வேண்டாம். எங்கம்மா வீடு வரைக்கும் போதும்."

ஸ்பேனர் திரும்பிப் பார்த்தாரு. முன்சீட்டுல மனைவி உக்காந்து பெல்ட்டே போட்டாச்சு. பின்சீட்டுல பீரோ கட்டுற கயிறு, பழைய போர்வை, அவரோட இடுப்பு பெல்ட்டு, தைலம்!

வண்டி பாதி வழி வந்துச்சு. அப்புறம் மெல்ல, மிச்சமிருந்த ஒரே சந்தோஷத்தை எடுத்துத் தடவிக்கிட்டாரு.

"எது எப்படியோ, உன் தம்பி மூக்கை உடைச்சேன்ல? பெரிசா சொன்னான், ரேடியேட்டராம்!"

"அவன் எங்க சொன்னான்? அன்னைக்கே போன்ல, காலையில எடுக்கும்போதே சிவப்புன்னு நான் சொன்னதுமே, 'சென்சார்தான்க்கா'ன்னுட்டான். ரேடியேட்டர்னு சொல்லுடான்னு சொல்லிக் கொடுத்தது நான்."