பன்னிரண்டாம் வரி

டை கட்டிய இருபத்து மூன்று வயதுக்காரனிடம் யாரும் மருந்தைப் பற்றிக் கேட்கக் கூடாது. இதை நான் அடித்துச் சொல்வேன். ஏனென்றால் அந்த டை என் கழுத்தில்தான் தொங்கியது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாகத் திருநெல்வேலி வட்டாரத்தில் சுற்றிக்கொண்டிருந்தேன். வேலைக்குச் சேர்ந்து நாலே மாதம். டாக்டர்களிடம் ஒப்பிக்க வேண்டிய ஐந்து மருந்துகளின் பெருமையை மனப்பாடம் செய்திருந்தேன். (மருத்துவ அறிவு என்பது அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.) பை கனக்கிறதென்று, சாம்பிள் மாத்திரைகளின் அட்டைப் பெட்டியையும் அதற்குள் மடித்திருக்கும் பொடி எழுத்துக் காகிதத்தையும் கிழித்தெறிந்துவிட்டு வெறும் மாத்திரைப் பட்டைகளை அடுக்கிக்கொள்வேன். அந்தக் காகிதத்தை ஒரு தடவைகூடப் படித்ததில்லை.

என் தாய்மாமா கோரைப் பாய்க்குப் பேர்போன பத்தமடையில் இருந்தார். தாலுகா ஆபீஸில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மெட்ராஸில் நெஞ்சைத் திறந்து உலோக வால்வு வைத்துக்கொண்டு திரும்பியிருந்தார். அந்த வால்வில் ரத்தம் கட்டிவிடாமல் இருக்க, உறைவதைத் தடுக்கும் மாத்திரை ஒன்றைத் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு விழுங்குவார். அந்த மாத்திரையோடு எதெல்லாம் ஒத்துப்போகாது என்று பாளையங்கோட்டை டாக்டர் சொல்லச் சொல்ல, ‘சேராதவை’ என்று தலைப்புப் போட்டு ஒரு நோட்டில் எண் வரிசையாக எழுதி வைத்திருந்தார். பதினொரு வரி. முருங்கைக்கீரைகூட ஒருநாள் அதிகம், ஒருநாள் குறைவு என்று ஆகிவிடக் கூடாதாம். இருமல் டானிக் வாங்கினால்கூட டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் மூடியைத் திறப்பார். நான் அதைப் பார்த்துச் சிரிப்பேன். சிரிக்கத் தெரிந்த அளவுக்கு வேறெதுவும் தெரியாது எனக்கு.

ஒருநாள் அரிசி மூட்டையை நகர்த்தப் போய் மாமாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நான் போனபோது பாயில் அசையாமல் கிடந்தார்.

“ஏலே கோமதிநாயகம், திரும்ப முடியலலே. பாளையங்கோட்டைக்குப் போயி டாக்டரப் பாக்கணும்.”

“இதுக்குப் போயி பஸ் ஏறுவாங்களா மாமா? நான் எதுக்கு இருக்கேன்?” என்று பையைத் திறந்து மூன்று பட்டை வலி மாத்திரையை எடுத்து வைத்தேன்.

மாமா மகள் வடிவு காபி கொண்டு வந்தவள் நின்றுவிட்டாள். “அப்பா சாப்பிடுத மாத்திரையோட இது சேருமான்னு பாத்தீயளா அத்தான்?”

கம்பெனி கொடுத்த வழவழப்பான விளம்பர அட்டையை எடுத்துக் காட்டினேன். அதில் வயதான ஒருவர் பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு சிரித்தார். அவருக்கு வால்வு எதுவும் வைத்திருந்ததா என்று நான் விசாரித்ததில்லை.

மாமா நோட்டைப் புரட்டினார். “மொத வரியே அதுதானலே. டாக்டரக் கேக்காம வலி மாத்திரை கூடாதுன்னு போட்டிருக்கு.”

“அது பழைய மாத்திரைக்கு மாமா. இது புதுசு. நீங்க அந்த நோட்டு எழுதும்போது இது பொறக்கவே இல்ல.”

முப்பது வருஷம் அரசாங்கக் காகிதங்களோடு குடும்பம் நடத்தியவர் அங்கேதான் சறுக்கினார். “அப்பச் சரி. புது ஆர்டர் வந்துட்டா பழசு ரத்துதான்” என்று சொல்லி வாயைத் திறந்தார்.

இரண்டே நாளில் எழுந்து நடந்தார். நான் தெருவுக்கே கேட்கும்படி பெருமையடித்துக்கொண்டேன். நாலாம் நாள் அவருடைய கையிலும் தொடையிலும் நீலத் திட்டுகள் தெரிந்தன. நான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தேன் (பவர் இல்லாத கண்ணாடி, மரியாதைக்காகப் போட்டது). “பாய் அழுத்தின தடம்” என்றேன்.

மாமாவுக்கு வந்ததே கோபம்! “ஏலே, பத்தமடைக்காரன்ட்ட பாயப் பத்திப் பேசுதியா? பட்டு கணக்கா இருக்க பாயில தடம் விழுமால?”

பாயைக் குறை சொன்னதற்குத்தான் கோபப்பட்டாரே தவிர, மாத்திரையின் மேல் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. நான் அந்தப் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு மெத்தை விரிக்கச் சொன்னேன். மறுநாள் பல் ஈறில் ரத்தம். பிரஷ்ஷை மாற்றச் சொன்னேன். இப்படி வீட்டிலிருந்த சாமான்களை எல்லாம் ஒவ்வொன்றாக மாற்றினேனே ஒழிய, நான் கொடுத்ததை நிறுத்தச் சொல்லவில்லை.

ஆறாம் நாள் காலையில் வடிவு போன் செய்தாள். “அப்பாக்கு வெளிய போறது தாரு மாதிரி கருப்பா இருக்கு. மயக்கமா வருதுங்காவ.”

“கீரையா இருக்கும்” என்றேன். அவள் போனை வைத்துவிட்டு, வாடகைக் கார் பிடித்து அப்பாவைப் பாளையங்கோட்டைக்குக் கொண்டு போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

டாக்டர் வீட்டு வராந்தாவில், பையும் டையுமாக வேறு கம்பெனிப் பிரதிநிதிகள் ஐந்து பேர் காத்திருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே டாக்டர் அந்த மாத்திரைப் பட்டையோடு வெளியே வந்தார்.

“தம்பி, போன வாரம் இத ரொம்ப சேஃப்னு எங்கிட்ட ஒப்பிச்சது நீங்கதான?”

“ஆமா சார்.”

“யாருக்கு சேஃப்? உள்ள ஒரு காயிதம் இருக்குமே, படிச்சீங்களா?”

“பை கனக்குதுன்னு சார்...”

ஐந்து பேரும் ஒரே சமயத்தில் தங்கள் பைகளுக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்கள். டாக்டர் உள்ளேயிருந்து தடித்த புத்தகம் ஒன்றைக் கொண்டு வந்து, பக்கத்தைப் பிரித்து, என்னை உரக்கப் படிக்கச் சொன்னார். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு இதைக் கொடுத்தால் வயிற்றில் ரத்தக்கசிவு ஏற்படலாம் என்று இருந்தது. ஒரே ஒரு வரி. படிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

“கசிவு நிக்கணும்னா ரத்தம் உறையணும். ரொம்ப உறைஞ்சா வால்வு அடைச்சிரும். இப்ப நான் எந்தப் பக்கம் போகட்டும்? நீங்களே சொல்லுங்க தம்பி” என்றார்.

டையை அவிழ்த்துப் பைக்குள் திணித்தேன். என்னைத் தோளில் தூக்கி வளர்த்த மனிதரை நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்து, அந்த ஐந்து பேர் பார்க்க அழுதேன்.

மாமாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து, கசிவு நிற்கும்வரை அவருடைய மாத்திரையைத் தள்ளி வைத்துவிட்டு, இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். என் ரத்தமும் அதே வகை என்பதால் ஒரு பாட்டில் கொடுத்தேன். அது ஏறுவதற்குள் மாமா கண்ணைத் திறந்து, “ஏட்டி வடிவு, இவன் ரத்தம் நமக்குச் சேருமான்னு டாக்டர்ட்ட நல்லாக் கேட்டியா?” என்றார். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்த்த ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நோட்டை எடுத்து எழுதினார்: ‘12. கோமதிநாயகம் தரும் எதுவும்.’ அடுத்த தடவை போனபோது டாக்டர் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, பக்கத்தை அப்படியே ஜெராக்ஸ் எடுத்து, அதே மாத்திரை சாப்பிடுகிற எல்லோருக்கும் கொடுக்க ஆரம்பித்தார். அதன் பிறகு தாமிரபரணிக்கு இரு கரையிலும் நான் பிரபலம்.

வடிவு என்னைக் கல்யாணம் செய்துகொண்டாள். (ஒருவர் கூடவே இருந்து பார்த்துக்கொள்வது ஊருக்கு நல்லது என்று நினைத்திருப்பாள்.) மாமா அதற்குப் பிறகும் பதினாறு வருஷம் இருந்தார். தீபாவளிக்கு நான் அல்வா கொண்டு போனால்கூட, “பன்னெண்டாம் நம்பர் வந்திருக்கு, டாக்டரக் கேக்காம பொட்டலத்தப் பிரிக்காதிய” என்பார்.

போன மாதம் எனக்கே இதயத் துடிப்பு தாறுமாறானது. பாளையங்கோட்டையில் அதே வீட்டில் இப்போது டாக்டரின் மகன் உட்கார்ந்திருக்கிறார். மாமா சாப்பிட்ட அதே மாத்திரையை எனக்கும் எழுதி, ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் அடித்த காகிதம் ஒன்றை நீட்டினார். ‘சேராதவை.’ பன்னிரண்டு வரி.

“கடைசி வரி மட்டும் யாருன்னு தெரியல சார். எடுத்திராதன்னு அப்பா சொல்லிட்டாங்க” என்றவர், என் சீட்டில் இருந்த பெயரைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வடிவு என் கையிலிருந்த மாத்திரைப் பையைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“ஒங்க கையால ஒங்களுக்கே குடுத்தாலும் பன்னெண்டுதான்” என்றாள்.